மழை விழுந்த பால்

சனிக்கிழமை காலை. நிபோங் திபால் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் அக்காள் மகன். பத்து காவான் தொழிற்பேட்டையில் பொறியாளர் வேலை, கெட்டிக்காரன். வழக்கம்போல நான் வெயிலைப் பற்றிப் புலம்பத் தொடங்கினேன். அவன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“கவலைய விடுங்க மாமா. காத்துலேர்ந்து கரியமில வாயுவ உறிஞ்சி எடுக்கிற மெஷின் வந்துருச்சு. ஐஸ்லாந்துல ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் பத்து வருஷத்துல எல்லாத்தையும் சுத்தம் பண்ணிருவாங்க.”

இதை அவன் ஒருவன் சொல்லியிருந்தால் தேநீரோடு விழுங்கிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கம்பெனிகளின் ஆண்டறிக்கை, அரசாங்க மேடை, பள்ளிக்கூடச் சுவரொட்டி என்று எங்கே திரும்பினாலும் இதே பேச்சுதான். ஒருவர் மெஷின் என்பார், இன்னொருவர் மரம் நட்டால் போதும் என்பார், மூன்றாமவர் செம்பனைக் கழிவைக் கரியாக்கிப் புதைத்துவிடலாம் என்பார். வாய்தான் வேறே, வார்த்தை ஒன்றுதான்: இப்போதைக்கு விடுவோம், பிறகு எடுத்துக்கொள்ளலாம். ‘2050-இல் நிகரப் பூஜ்யம்’ என்று நம் நாடு சொல்லியிருக்கிறதே, அதில் ‘நிகர’ என்ற சொல்லுக்குள் இந்தப் ‘பிறகு’ முழுவதும் பதுங்கி உட்கார்ந்திருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை, முடியும். எவ்வளவு எடுக்க முடியும், எந்த விலைக்கு, யாருடைய நிலத்தில், யாருடைய கரண்டில் என்று கேட்டால்தான் கதை கந்தலாகிறது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டையைச் சீவுவார். கோப்பைகளில் சொட்டிய பாலைப் பத்து மணிக்கு மேல் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கி வருவார். தோட்டத்துக் கிராணி அதை நிறுத்து, அளவுகோலை முக்கிப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ரப்பர் எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். நல்ல பாலில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் ரப்பர் இருக்கும். கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் உறைந்து கட்டியாகிவிடும். சில நாள் பால் சொட்டும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். கோப்பைகள் நிரம்பி வழிந்து, மரத்தடியெல்லாம் வெள்ளையாக ஓடி, கால்வாயில் போய்க் கலக்கும். அன்றைக்குச் சம்பளம் போச்சு. அந்தத் தண்ணீரில் போனதும் ரப்பர்தான், ஒரு துளிகூட எங்கும் அழிந்துவிடவில்லை. ஆனாலும் கால்வாயிலிருந்து ரப்பரைப் பிரித்தெடுக்க எந்தத் துரையும் ஆள் அனுப்பியதில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அம்மாவிடம் கேட்டிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்.

நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியில் கரியமில வாயு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் இருக்கும். அது கோப்பையில் இருக்கும் பால். புகைபோக்கியை விட்டு வெளியேறிக் காற்றில் கலந்தபின் பத்தாயிரத்துக்கு நாலு பங்கு சொச்சம். அது கால்வாய்த் தண்ணீர். இன்றைய காற்றில் ஒரு கன மீட்டருக்கு முக்கால் கிராம்தான் கரியமில வாயு இருக்கிறது. ஒரு டன் சேர்க்க வேண்டுமானால் 13 லட்சம் கன மீட்டர் காற்றை அலச வேண்டும், அதுவும் ஒரு மூலக்கூறைக்கூடத் தவறவிடாமல். நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றின் கொள்ளளவை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 7,000 வகுப்பறைக் காற்று. ஒரு மலேசியர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 8 டன் வெளிவிடுகிறார். ஆளுக்கு 56,000 வகுப்பறை. மருமகன் வேலை பார்க்கும் ஆலையிலேயே காற்றைத் தள்ளுவதற்கு ஆகும் கரண்டு என்னவென்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கரண்டுக்கே வருவோம், அடி விழுவது அங்கேதான். கலந்ததைப் பிரிக்க இயற்பியல் ஒரு குறைந்தபட்சக் கூலி கேட்கிறது. காற்றிலிருந்து ஒரு டன்னைப் பிரிக்க அது சுமார் 125 யூனிட். எந்த மேதை வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. நடைமுறையில் மெஷின்கள் கேட்பது, வெப்பமும் மின்சாரமும் சேர்த்து, 2,000 யூனிட்டை ஒட்டி. விசிறி சுற்ற வேண்டும், உறிஞ்சிய பொருளைச் சுட வைத்து வாயுவைக் கழற்ற வேண்டும், கழற்றியதை அழுத்திப் பூமிக்கடியில் இறக்க வேண்டும். என் வீட்டு டிஎன்பி பில்லில் மாதம் 300 யூனிட் சொச்சம் வருகிறது. அப்படியானால் ஒரு டன்னுக்கு ஆறரை மாதத்துக் கரண்டு. தீபகற்ப மலேசியாவின் மின்கட்டத்தில் ஒரு யூனிட் தயாராக முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, மஞ்சோங் போன்ற நிலக்கரி நிலையங்கள் இன்னும் எரிந்துகொண்டிருப்பதால். அந்தக் கரண்டிலேயே மெஷினை ஓட்டினால் ஒரு டன்னை எடுக்க ஒன்றரை டன்னை விடுகிறோம். படகில் ஓட்டை விழுந்து தண்ணீரை இறைக்கும்போதே இன்னொரு ஓட்டை போடுகிற வேலை.

“சோலார்ல ஓட்டுவாங்க மாமா” என்றான். சரி, ஓட்டட்டும். அதே 2,000 யூனிட் சோலார் கரண்டை மஞ்சோங் நிலக்கரிக்குப் பதிலாக வீடுகளுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 2 டன் வெளியேறாமலே தடுக்கலாம். மெஷினுக்குக் கொடுத்தால் 1 டன் திரும்பி வரும். நாட்டில் எரிகிற கடைசி நிலக்கரி அடுப்பும் அணையும் வரை, காற்றைக் கழுவுவதற்குச் செலவாகும் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் பாதி வீண். இந்த ஒரு கணக்குக்கு இதுவரை நேரான பதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. “எதிர்காலத்தில் கரண்டு உபரியாக இருக்கும்” என்பார்கள். அந்த எதிர்காலத்துக்கு இப்போதே பாக்கி வைத்துவிட்டு, அதை நம்பி இன்று எரிக்கிறோம்.

சோலார் தகட்டின் விலை விழுந்தது போல மெஷின் விலையும் விழும் என்பது அடுத்த வாதம். கெட்டிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வாதம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தகடு மேலே விழுகிற வெயிலைச் சும்மா வாங்கி விற்கிற பொருளாக மாற்றுகிறது. ஒரு முறை மாட்டினால் இருபத்தைந்து வருஷம் எதையும் கேட்காது. காற்றைக் கழுவும் மெஷின் அப்படியில்லை. தினமும் தின்னும். உறிஞ்சும் வேதிப்பொருள் தேயும், மாற்ற வேண்டும். அது உற்பத்தி செய்வதோ யாரும் வாங்க விரும்பாத ஒன்று. வாங்குகிறவர் இல்லாத சரக்குக்கு நகராட்சிக் குப்பை வண்டியைப் போல யாராவது என்றென்றும் கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குப்பை வண்டியின் விலை குறைந்து நான் பார்த்ததில்லை.

ஐஸ்லாந்து மெஷினைப் பற்றி மருமகன் சொன்னது பொய்யில்லை. சுவிட்சர்லாந்தின் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021 செப்டம்பரில் ‘ஓர்கா’வைத் திறந்தது, ஆண்டுக்கு 4,000 டன் என்ற திட்டத்தோடு. 2024 மே மாதம் 36,000 டன் திட்டத்தோடு ‘மம்மத்’ வந்தது. பூமிக்கடியிலிருந்து சும்மா வெந்நீரும் கரண்டும் கிடைக்கிற நாடு அது. கீழே எரிமலைப் பாறை. வாயுவைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பாறைக்குள் விட்டால் கல்லாகிவிடும். உலகத்திலேயே இதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கேயே 2025 மே மாதம் ‘ஹெய்மில்டின்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 2021 முதல் அங்கே மொத்தம் பிடித்தது 2,400 டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான் என்று எழுதியது. அதே மாதம் நிறுவனம் ஆட்குறைப்பு அறிவித்தது. புது முயற்சியில் தடுமாற்றம் வருவது இயல்பு, அதை நான் கேலி செய்யவில்லை. மம்மத் திட்டப்படி முழுசாக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். உலகம் எரிபொருளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் விடுகிறது. பத்து லட்சம் மம்மத் வேண்டும். அந்தப் பாறை முறைக்கு ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீரும் வேண்டும். வறட்சி வந்தால் குடிநீருக்குச் சுங்கை மூடா ஆற்றை ஏங்கிப் பார்க்கிற பினாங்குக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மெஷின் போகட்டும், மரத்துக்கு என்ன குறை என்று கேட்பார்கள். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மரத்தின் மேல் ஏற்றுகிற பாரத்தைத்தான் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் கடற்கரைச் சேற்றில் ஒரு மரநடு விழாவுக்குப் போயிருந்தேன். ஏற்பாடு செய்தது ஒரு பெரிய கம்பெனி. பச்சை டீசட்டை, தொப்பி, பொட்டல நாசி லெமாக், படம் எடுக்க டிரோன். முழங்கால் வரை சேறு. பச்சைப் பென்சில் போலிருக்கும் காண்டல் நாற்றை ஆளுக்குப் பத்து என்று கொடுத்தார்கள். குனிந்து குத்தினோம். கம்பெனி அதிகாரி ஒருவர், இன்று நாம் நம் அலுவலகத்தின் கரியைக் கழுவிவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். ஒரு வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். அலை அரித்த மேடு, பிளாஸ்டிக் பை சுற்றிய குச்சிகள், ஓரத்தில் ஐந்தாறு உயிருள்ள செடிகள். கம்பெனியின் அறிக்கையில் நட்ட எண்ணிக்கை இருந்தது. பிழைத்த எண்ணிக்கையைத் தேடினேன், இல்லை.

இதே கரையில் உண்மையாக நட்டவர்களும் இருக்கிறார்கள். பினாங்குக் கரையோர மீனவர் நலச்சங்கம், பிஃப்வா என்று எல்லாருக்கும் தெரிந்தது, 1990-களிலிருந்து சதுப்பு மரம் நட்டு வருகிறது. அவர்கள் கரியை எண்ணி இறங்கவில்லை. காண்டல் போனால் நண்டும் இறாலும் போகும், வலை காலியாகும் என்று கண்டவர்கள். எந்த மண்ணில் எந்தச் செடி நிற்கும், அலை எங்கே அடிக்கும் என்று தெரிந்து நட்டார்கள். பிறகு போய்ப் பார்த்தார்கள், போனதை மறுபடியும் நட்டார்கள். மரம் அப்படித்தான் வளரும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2021-இல் நம் அரசாங்கம் பத்துக் கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், நானும் வரவேற்றேன். பத்துக் கோடியும் ஒன்றுகூடச் சாகாமல் வளர்ந்து பெரிதாகி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 20 கிலோ இழுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 20 லட்சம் டன். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் மலேசியா வெளிவிட்டது சுமார் 33 கோடி டன், மீத்தேன் முதலியவற்றையும் கரியமில வாயுவாக மாற்றிக் கூட்டினால். பத்துக் கோடி மரம் ஒரு வருஷம் மூச்சுப் பிடித்து இழுப்பதை நாம் இரண்டேகால் நாளில் விட்டுவிடுகிறோம்.

இன்னொரு கணக்கும் போட்டேன், இது கொஞ்சம் வேடிக்கையாக வந்தது. நன்றாக வளரும் தோப்பு ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் இழுக்கும் என்று வையுங்கள். 33 கோடி டன்னுக்கு 3 கோடியே 30 லட்சம் ஹெக்டேர் வேண்டும். மலேசியாவின் மொத்த நிலப்பரப்பும் அதுவேதான், பெர்லிஸ் முதல் சபா வரை, கோலாலம்பூரும் ஒட்டுக்கடையும் ரயில் தண்டவாளமும் உட்பட. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே காடு, அது இழுப்பதை அரசாங்கம் ஏற்கெனவே கணக்கில் கழித்துக்கொண்டாகிவிட்டது. உலக அளவிலும் இதே கூத்துதான். நாடுகள் தங்கள் வாக்குறுதிகளில் நிலத்தை நம்பி எழுதியிருப்பதையெல்லாம் 2022-இல் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தபோது 120 கோடி ஹெக்டேர் வந்தது. இந்தியாவைப் போல மூன்றரை மடங்கு. அந்த நிலம் எங்கே சும்மா கிடக்கிறது?

எங்கள் ஊரில் சும்மா கிடந்த நிலம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. நிபோங் திபால் என்ற பெயரே நிபோங் பனை அடர்ந்து நின்றதால் வந்தது என்பார்கள். அதை வெட்டிக் கரும்பு போட்டார்கள். கலிடோனியா, பைராம், விக்டோரியா, பத்து காவான் என்று வெள்ளைக்காரன் தோட்டங்கள். நம் ஆட்கள் கப்பலேறி வந்தது அந்தக் கரும்புக்குத்தான். 1910-களில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்து காவானில் செம்பனையும் போய் இப்போது மருமகன் வேலை பார்க்கும் ஆலைகள். கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பேராக் பக்கம் நெல் வயல், 1906-இல் கட்டிய புக்கிட் மேரா அணையின் தண்ணீர் பாய்வது. இதில் எதை அழித்துக் கரிக்காடு வளர்ப்பது? வயலையா? அரிசியைத் தாய்லாந்திலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்களா? வளர்த்த காடும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு வறட்சி, ஒரு தீ, ஒரு புது நெடுஞ்சாலை வந்தால் இழுத்ததெல்லாம் திரும்ப வெளியே போகும். நிலக்கரியாக மண்ணுக்குள் கிடந்தபோது அந்தக் கரி கோடிக்கணக்கான வருஷம் அசையாமல் கிடந்தது. அதை எடுத்து, முப்பது வருஷம் நிற்குமோ என்னமோ என்ற மரத்தில் வைத்துவிட்டு, கணக்கு சரியாகிவிட்டது என்பது பத்திரமுள்ள நிலத்தை விற்று வாய்ப்பேச்சுக் கடன் கொடுத்த கதை.

மூன்றாவது கட்சிக்காரர்கள் எங்கள் பகுதிக்கே உரியவர்கள். செம்பனை ஆலைக் கழிவைக் காற்றில்லாத அடுப்பில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் போட்டால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும் என்பார்கள். அறிவியல் சரிதான். இங்கே டிரான்ஸ்கிரியானில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலும் செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து உறிஞ்சு கரி செய்யும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இந்த மூன்றில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை உள்ள யோசனை இதுதான், உள்ளூரில் உள்ளதை வைத்துச் செய்வதால். ஆனால் ‘கழிவு’ என்ற சொல்லை ஆலைக்குள் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். நாரும் ஓடும் பாய்லரில் எரிந்து ஆலைக்கே நீராவி கொடுக்கின்றன. மிஞ்சும் ஓட்டை மின்நிலையத்தில் எரிக்க ஜப்பான்காரன் கப்பலில் வாங்கிப் போகிறான். பழம் உதிர்ந்த வெறுங்குலை லோரியில் ஏறித் தோட்டத்துக்கே திரும்பி வந்து மரங்களுக்கு இடையில் பரப்பப்படுகிறது. மட்கி உரமாகிறது, மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. அதைக் கரியாக்கித் திருப்பிப் போட்டாலும் தழைச்சத்தில் நல்ல பங்கு புகையோடு போய்விடும். அதை உர மூட்டையாக வாங்க வேண்டும்.

அப்படியே நாட்டின் வெறுங்குலை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். மலேசிய ஆலைகளுக்கு ஆண்டுக்கு வரும் பழக்குலை 9 கோடி டன்னுக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல் வெறுங்குலை, ஆக 2 கோடி டன். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உலர்த்தி, சுட்டு, மிஞ்சுகிற கரியில் உள்ள கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்றிக் கணக்கிட்டால் 50 லட்சம் டன்னை ஒட்டி வருகிறது. 33 கோடியில் ஒன்றரை சதவீதம். நாட்டின் ஒரு குலைகூட விடாமல் சுட்டால் இவ்வளவு.

சுடுவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் கோலா செப்பெத்தாங்கிற்குப் போகலாம், இங்கிருந்து தெற்கே பேராக்கில் கொஞ்ச தூரம்தான். குடம் கவிழ்த்தது போன்ற செங்கல் சூளைகள், உள்ளே நிமிர்த்தி அடுக்கிய சதுப்புக் கட்டைகள், வாரக்கணக்கில் கசியும் புகை. நாலு பங்கு கட்டை போனால் ஒரு பங்கு கரி வரும். அந்தக் கட்டை வருகிற மாத்தாங் சதுப்புக் காட்டை 1902 முதல் முறை வைத்து நிர்வகிக்கிறார்கள். ஒரு பாத்தியை வெட்டினால் மறுபடி வெட்ட முப்பது வருஷம். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் காடு நிற்கிறதென்றால் அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து அதற்குமேல் கேட்காததால்தான். கரியைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுக்கிறவர்கள் அந்தச் சூளைக்காரரிடம் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

பாறையை மாவாக்கித் தோட்டத்தில் தூவினால் மழையோடு சேர்ந்து வாயுவைப் பிடிக்கும் என்றும் ஒரு யோசனை உண்டு. சபாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் மூன்று வருஷம் தூவிப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. தூவிய இடத்துக்கும் தூவாத இடத்துக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஐம்பது டன் கல்லை உடைத்து, அரைத்து, லோரியில் ஏற்றி, இறக்கி! மேலே போவோம்.

விலை. கிளைம்வொர்க்ஸ் போன்றவர்கள் ஒரு டன்னுக்கு 1,000 அமெரிக்க டாலரை ஒட்டி வாங்குகிறார்கள். டாலருக்கு நாலு வெள்ளி என்று வைத்தால் 4,000 வெள்ளி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆகவே ஒரு லிட்டரைக் காற்றிலிருந்து திரும்ப எடுக்க 9 வெள்ளி 20 காசு. 2025 செப்டம்பர் கடைசியில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று அறிவித்தார்கள். ஆறு காசு குறைந்ததற்கு ஊரே பேசியது. இரண்டு வெள்ளிக்கு வாங்கி எரிப்பதை ஒன்பது வெள்ளி கொடுத்து எடுக்கப்போகிறோம், அதுவும் நம் பேரன்கள் கொடுப்பார்கள் என்ற தைரியத்தில். அமெரிக்க அரசு 2021-இல், பத்து வருஷத்தில் டன்னுக்கு 100 டாலர் என்று ஓர் இலக்கு வைத்தது. அந்தக் கனவு அப்படியே பலித்தாலும் லிட்டருக்கு 92 காசு கூடுதல். இன்றைக்கு எந்த அரசியல்வாதியாவது பெட்ரோலில் 92 காசு ஏற்றிவிட்டு அடுத்த தேர்தலில் நிற்பாரா? நாளைக்கு ஏற்றுவார் என்று எதை வைத்து நம்புகிறோம்?

போர்சா மலேசியா 2022 டிசம்பரில் கரிச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. சபாவில் குவாமூட் காட்டைக் காப்பதற்கான கரிச் சான்று 2024-இல் அங்கே 50 வெள்ளிக்குப் போனது. காட்டைக் காப்பது புண்ணியம், பணம் அங்கே போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உண்மையில் ஒரு டன்னைக் காற்றிலிருந்து எடுக்க 4,000 வெள்ளி ஆகும் என்னும்போது, 50 வெள்ளிக்கு ஒரு சான்றிதழ் வாங்கி ‘நாங்களும் ஒரு டன்னைச் சரிக்கட்டிவிட்டோம்’ என்று எழுதிக்கொள்ளும் கம்பெனியின் கணக்குப்பிள்ளை சாமர்த்தியசாலி. என் அம்மாவின் கிராணி தோற்றார்.

இந்த நம்பிக்கையால் ஆதாயம் யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஆக்சிடென்டல் எண்ணெய்க் கம்பெனி டெக்சாஸில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திட்டத்தோடு காற்று கழுவும் ஆலை கட்ட இறங்கியது. அதன் அப்போதைய தலைவர் விக்கி ஹோலப் 2023-இல் பொதுமேடையிலேயே, இந்தத் தொழில்நுட்பம் தங்கள் தொழில் இன்னும் 60, 70, 80 வருஷம் நடக்க உரிமம் தரும் என்ற பொருளில் பேசினார். நான் சந்தேகப்பட்டதை அவரே சொல்லிவிட்டார், நன்றி.

நம் ஊரிலும் சொற்கள் குழம்பிக் கிடக்கின்றன. 2025 மார்ச்சில் கரிப் பிடிப்புச் சேமிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, காற்று சுத்தமாகப்போகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள். பெட்ரோனாஸ் சரவாக் கடலில் கட்டும் கசவாரித் திட்டம் ஆண்டுக்கு 33 லட்சம் டன்னைப் பூமிக்கடியில் வைக்கும் என்கிறார்கள். அந்த வாயு காற்றிலிருந்து வருவதில்லை. எரிவாயுக் கிணற்றைத் தோண்டும்போது கூடவே வரும் கரியமில வாயு அது. தோண்டாமல் விட்டால் அது ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது. திறந்த காற்றில் விடுவதைவிடத் திரும்பப் புதைப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் கழுவுவது இல்லை, சிந்தாமல் இருப்பது. அங்கே எடுத்த எரிவாயு எரியும்போது வரும் புகையை யார் பிடிப்பார்கள் என்பது வேறு கதை.

மறுபக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒலிபெருக்கி அதிகாரியைப் போலத்தான். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2022 அறிக்கையில், காற்றிலிருந்து எடுப்பது தவிர்க்க முடியாதது என்றே எழுதியது. விமானம், சிமெண்டு, கிரியான் வயல்களில் தேங்கிய தண்ணீரிலிருந்து எழும் மீத்தேன் என்று சில வெளியீடுகளை எவ்வளவு முயன்றாலும் முற்றாக நிறுத்த முடியாது. அந்த மிச்சத்துக்கு எதிராகக் கொஞ்சம் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஆய்வு நடக்கட்டும், மருமகன் போன்றவர்கள் அதில் வேலைக்கும் போகட்டும். ஆனால் 2024-இல் வெளியான கணக்குப்படி உலகம் முழுவதும் மரம், காடு தவிர்த்த புது முறைகளால் எடுப்பது ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன், அதிலும் பெரும்பங்கு மண்ணில் போடும் கரி. அந்தச் சிறு கையிருப்பு சிமெண்டுக்கும் வயலுக்குமே போதாது. அதைக் காட்டி நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் சாக்குச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள ஒரு பாட்டில் ரத்தத்தைக் காட்டி, ஊரில் எல்லாரும் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்கிற மாதிரி.

பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது எப்படி முடியும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பினாங்குத் தீவின் குப்பையும் செபராங் பிறையின் குப்பையும் வந்து சேர்வது இங்கே புலாவ் பூரோங்கில்தான். 2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. போட்டவர்கள் ஜார்ஜ் டவுனில் இருந்தார்கள். மூச்சு முட்டியவர்கள் சுற்றுவட்டாரக் கம்பத்திலும் தாமானிலும் இருந்தார்கள். காற்றுக் குப்பைக்கும் நாளைக்கு ஒரு புலாவ் பூரோங் தேடுவார்கள். அது எந்த ஊராக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இதையெல்லாம் அன்றைக்கு ஒட்டுக்கடையில் வரிசையாகச் சொல்லவில்லை, பாதியில் கடைக்காரர் குவளையை எடுக்க வந்துவிட்டார். மருமகன் கேட்டான்: “அப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?”

அம்மாவின் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். கோப்பைப் பாலும் ஒட்டுப்பாலும் ஸ்டோரில் தனித்தனியாக நிறுக்கப்படும். பட்டையிலும் கோப்பை அடியிலும் காய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாக்கில் கொண்டுவருவதுதான் ஒட்டுப்பால். அதற்கும் காசு உண்டு, குறைவாக. இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டி எழுத எந்தக் கிராணியையும் தொழிலாளர்கள் விட்டதில்லை. கூட்டினால் யாரோ திருடுகிறார்கள் என்று அர்த்தம், சண்டை வந்துவிடும். நம் நாடு 2019 கணக்கில் வெளிவிட்ட 33 கோடி டன்னிலிருந்து காடு இழுத்த 21 கோடி சொச்சத்தைக் கழித்து, 11 கோடி சொச்சம்தான் நிகரம் என்று எழுதியிருக்கிறது. உலக விதி அதை அனுமதிக்கிறது. என் கோரிக்கை, எரிப்பதை எவ்வளவு குறைத்தோம் என்று ஒரு கட்டம், காற்றிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்று இன்னொரு கட்டம், இரண்டுக்கும் தனித்தனி இலக்கு. அரசாங்கம் அறிவித்த கரிவரியிலும் கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலும் அப்படியே. ஒரு கட்டத்தில் உள்ளதை எடுத்து இன்னொரு கட்டத்தின் ஓட்டையை அடைக்கக் கூடாது.

“ரெண்டு கட்டம் போட்டா முதல் கட்டத்துல நம்ம நம்பர் ரொம்ப அசிங்கமா தெரியுமே மாமா” என்றான்.

தெரியும். நான்தான் தேநீருக்குக் காசு கொடுத்தேன். அவன் காரை எடுத்துக்கொண்டு பத்து காவானுக்குப் போனான், சனிக்கிழமையும் ஷிப்ட் இருந்தது.